திட்டினால் தீருமா?

ஆன்லைன் ரம்மியில் சம்பளத்தை விட்டவரை வடமதுரை டீக்கடை பெஞ்சில் ‘புத்தி கெட்டவன்’ என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறோம். எனக்கு அது பொறுக்கவில்லை. ‘அடுத்த ஆட்டம் நமக்குத்தான்’ என்ற எதிர்பார்ப்பே மூளையில் டோபமினைத் தூண்டிவிடுகிறது. ‘போதும், எழுந்திரு’ என்று சொல்லவேண்டிய நெற்றிப்பக்க மூளை அதற்கு ஈடுகொடுக்க முடியாமல் தளர்கிறது. உந்துதல் கட்டுப்பாட்டுக் கோளாறாக வகைப்படுத்தியிருந்த இந்தச் சூதாட்ட நோயை, 2013இல் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் மது, போதை வரிசைக்கே மாற்றியது. தமிழ்நாடு 2025இல் நள்ளிரவு 12 முதல் அதிகாலை 5 மணிவரை பண ரம்மிக்குப் பூட்டுப் போட்டதைச் சென்னை உயர் நீதிமன்றமும் ஏற்றது. அது சரியான வேலைதான்; தூக்கம் கெட்ட மூளையில்தான் கடிவாளம் சீக்கிரம் நழுவும். உங்கள் வீட்டில் ஒருவர் கடனை மறைத்துக்கொண்டு விழித்திருந்தால், திட்டுவதற்கு முன் அவருக்காக 14416 என்ற டெலிமானஸ் மனநல உதவி எண்ணை அழையுங்கள். கட்டணம் கிடையாது, தமிழிலேயே பேசலாம்.