அளவுகோல் யார் கையில்?

கயத்தாறு என்றதும் தமிழ் மக்களுக்கு நினைவு வருவது ஒன்றே. 1799 அக்டோபர் 16-ம் நாள், கும்பினியின் மேஜர் பானர்மேன், மற்றப் பாளையக்காரர்களைக் கூட்டி நிறுத்திக்கொண்டு, வீரபாண்டிய கட்டபொம்மனை இங்கே ஒரு புளியமரத்தில் தூக்கிலிட்டான். அந்நியனுக்கு அடிபணிய மறுத்ததுதான் குற்றம். அந்த மண்ணில் 1970-ல் நடிகர் சிவாஜி கணேசன் சொந்தப் பணத்தில் நிலம் வாங்கிச் சிலை எழுப்பினார். 2015-ல் தமிழக சர்க்கார் மணிமண்டபம் திறந்தது.

இப்படிப்பட்ட இடத்துக்கு அருகே பல்லாயிரம் கோழிகளை அடைத்து வளர்க்கும் கொட்டகை வரலாமா? வந்தால் எவ்வளவு தூரம் தள்ளி வரவேண்டும்? பட்டணத்துப் படிப்பாளிகளின் கேள்வி இது என்று தோழர்கள் ஒதுக்கிவிடக் கூடாது. நாற்றமும் ஈயும் முதலில் வந்து சேருவது ஆலைத் தொழிலாளியின் வரிசை வீட்டுக்கும், விவசாயத் தொழிலாளியின் குடிசைக்கும்தான்.

சட்டம் என்ன சொல்கிறது?

பழஞ்சின்னங்களைக் காக்க 1958-ம் ஆண்டுச் சட்டம் ஒன்று உண்டு. 2010-ல் அதைத் திருத்தினார்கள். மத்திய சர்க்கார் பாதுகாக்கும் சின்னத்தைச் சுற்றி 100 மீட்டருக்குள் புதுக் கட்டடம் கூடாது. அதற்கப்பால் 200 மீட்டர் வரை அனுமதி பெற்றே கட்ட வேண்டும். நல்லது. ஆனால் சின்னம் என்று பெயர் வாங்க அதற்கு நூறு வயதாவது ஆகியிருக்க வேண்டும். 1970-ல் எழுந்த சிலைக்கு அந்தத் தகுதி ஏது? கல்லின் வயதைக் கணக்கிடும் சட்டம், அங்கே பறிபோன உயிரின் கணக்கைப் பார்ப்பதில்லை!

இனிக் கோழிப்பண்ணை விதியைப் பார்ப்போம். ஒரு லட்சத்துக்குக் குறைவான கோழிகள் உள்ள பண்ணைக்கு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவே வேண்டாம் என்று நெடுநாள் விட்டிருந்தார்கள். 2020-ல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தலையிட்ட பிறகுதான், 5,000 கோழிக்கு மேற்பட்ட பண்ணைகளும் வளையத்துக்குள் வந்தன. குடியிருப்பிலிருந்து 500 மீட்டர், ஆறு, ஏரி, குடிநீர்க் கிணறு ஆகியவற்றிலிருந்து 100 மீட்டர் என்று வழிகாட்டு நெறியில் அளவு போட்டார்கள். வீட்டையும் தண்ணீரையும் சாலையையும் மனதில் வைத்துப் போட்ட கணக்கு அது. கயத்தாறு நினைவிடத்தை மனதில் வைத்துப் போட்டதல்ல.

குடியிருப்பு என்றால் யார் வீடு?

500 மீட்டர் என்கிறார்களே, எங்கிருந்து அளப்பது? ஊர் நடுவிலிருந்தா, ஊருக்கு வெளியே ஒதுக்கப்பட்ட காலனியிலிருந்தா? ஓடைப் புறம்போக்கில் பட்டா இல்லாமல் இரண்டு தலைமுறையாக வாழும் குடும்பத்தின் குடிசை அதிகாரியின் வரைபடத்தில் குடியிருப்பாகுமா? ஆகாது என்றால், அளவு நாடா நீளும்போது அந்தக் குடிசை வெறும் தரிசு!

இன்னொன்றும் கேட்கிறோம். குடும்பத்தோடு பண்ணைக்குள்ளேயே தங்கி, தீவனம் போட்டு, எரு அள்ளி, இரவெல்லாம் காவல் காக்கும் தொழிலாளிக்கு எத்தனை மீட்டர்? அவனுக்கும் அவன் குழந்தைக்கும் தூரமே கிடையாதா?

“வேலை தருகிறோம், தடுக்காதீர்கள்” என்பார்கள் பண்ணை அதிபர்கள். வேலை வேண்டாம் என்று மானாவாரிச் சீமையில் எவன் சொல்வான்? ஆனால் ஆயிரக்கணக்கான கோழி நிற்கும் கொட்டகைக்குத் தேவைப்படும் ஆட்கள் சிலரே. ஈயும் அம்மோனியா நெடியும் ஊர் முழுவதற்கும்! கரிசல் மண் கோடையில் வெடித்துப் பிளக்கும். எருக்குவியலில் மழை பெய்தால், கழிவுநீர் அந்த வெடிப்பு வழியே இறங்கும்; மிச்சம் ஓடை வழியே கண்மாய்க்குப் போகும். குடிப்பது யார்?

ஆர்க்கன்சா தரும் பாடம்

அமெரிக்காவில் ஆர்க்கன்சா மாநிலத்தில் பஃபலோ என்று ஓர் ஆறு. 1972-ல் தேசிய ஆறாக அறிவித்துப் பூங்காபோல் காத்தார்கள். 2012-ல் அந்த ஆற்றில் கலக்கும் ஓடையோரத்தில் 6,500 பன்றிகளுக்கு ஒரு பண்ணை அனுமதி பெற்றது. கார்கில் என்ற பகாசுரக் கம்பெனிக்காகப் பன்றி வளர்த்த பண்ணை அது. மக்கள் ஆண்டுக்கணக்கில் போராடினார்கள். முடிவில் 2019-ல், 62 லட்சம் டாலர் கொடுத்து அந்தப் பண்ணையை மூட வைத்தார்கள். முன்னின்று பணம் கொடுத்தது மாநில சர்க்கார். முதலில் ஒரு விதி எழுதியிருந்தால் காகிதச் செலவோடு முடிந்திருக்கும். இறைச்சி லாபம் கம்பெனிக்கு, சாணம் ஆற்றுக்கு, பில் மக்களுக்கு! கொட்டகை எழுந்த பிறகு அழுது பயனில்லை என்பதே அதன் பாடம்.

ஆட்டுக் கிடைக்கு அல்ல இந்த விதி

இங்கே ஓர் எச்சரிக்கை அவசியம். பூங்கா, புராதனம் என்று சொல்லி அதிகாரிகள் முதலில் விரட்டுவது கம்பெனியையல்ல, ஆடு மேய்ப்பவனை. 2022 மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றம் தமிழக வனங்கள் முழுவதிலும் மேய்ச்சலுக்குத் தடை போட்டது. எதிர்ப்பு எழுந்தபின், சரணாலயம், தேசியப் பூங்கா, புலிகள் காப்பகம் என்று தடையைச் சுருக்கியது. மேய்ச்சல் உரிமையை 2006-ம் ஆண்டு வன உரிமைச் சட்டமே ஏற்றிருக்கிறது என்பதை மறக்கலாமா?

கரிசல்காட்டில் அறுவடை முடிந்ததும் கிடை போடுகிறோம். வேம்பூர் ஆடும் கன்னி ஆடும் இரவு தங்கிய நிலம் அடுத்த மழைக்கு உரம் ஏறி நிற்கும். கிடையின் சாணம் மண்ணுக்குச் சொத்து. அடைத்து வளர்க்கும் பண்ணையில் மலைபோல் குவியும் எரு ஊருக்குச் சுமை. இரண்டையும் ஒரே கோலால் அளப்பது அநீதி.

இந்த வேற்றுமை சர்க்காருக்குத் தெரியாததல்ல. பல சரணாலயங்களைச் சுற்றி அறிவிக்கப்பட்ட சூழல் கூருணர்வு மண்டலங்களில், கம்பெனிகள் நடத்தும் பெரிய கால்நடை, கோழிப் பண்ணைகளைக் கட்டுப்படுத்திவிட்டு, உள்ளூர்த் தேவைக்கு விலக்கு கொடுத்திருக்கிறார்கள். வெளிமானுக்காக அந்த நியாயம் பேச முடியுமென்றால், மனிதனுக்காகவும் அவன் வரலாற்றுக்காகவும் ஏன் பேசக் கூடாது?

நாம் கோருவது

ஒன்று: கயத்தாறு நினைவிடம், பாஞ்சாலங்குறிச்சி, கழுகுமலை வெட்டுவான் கோயில், வல்லநாட்டு வெளிமான் சரணாலயம் போன்ற இடங்களைச் சுற்றிப் பெரும் பண்ணைகளுக்கு விலக்குத் தூரத்தைத் தமிழக சர்க்கார் சட்டமாகவே எழுத வேண்டும்.

இரண்டு: குடியிருப்பு என்றால் பட்டா இருந்தாலும் இல்லாவிட்டாலும் மனிதன் வாழும் கடைசிக் குடிசையிலிருந்து அளக்க வேண்டும்.

மூன்று: பண்ணைத் தொழிலாளிக்குக் கொட்டகைக்கு அப்பால் வீடும், குறைந்தபட்சக் கூலியும், வார விடுமுறையும் கட்டாயமாக்க வேண்டும்.

நான்கு: ஆடு, மாடு, நாலு கோழி வளர்க்கும் ஏழைக்கும் கிடைக்காரருக்கும் முழு விலக்கு வேண்டும்.

ஐந்து: அனுமதி கொடுக்குமுன் கிராம சபையிலும் பேரூராட்சியிலும் மக்களைக் கேட்க வேண்டும்.

தோழர்களே! ஆலை வாசலில் பேசுங்கள், களத்துமேட்டில் பேசுங்கள். அடுத்த கிராம சபைக்கு வெறுங்கையோடு போகாதீர்கள். இந்த ஐந்தையும் தீர்மானமாக எழுதிக்கொண்டு போங்கள். காலனியின் கடைசிக் குடிசையிலிருந்து பண்ணைக் கொட்டகை வரை நீங்களே நாடா பிடித்து அளந்து, அந்தக் கணக்கை அதிகாரியின் மேசையில் வையுங்கள். அளவுகோல் இனி உழைப்பவன் கைக்கு வரட்டும்!