மூட்டுவலி மாத்திரை: பக்கத்து வீட்டில் வாங்கிப் போடலாமா?

"முட்டி வலிக்குதா? என்கிட்ட ஒரு மாத்திரை இருக்கு. ஒண்ணே ஒண்ணு போட்டுப் பாருங்க, சாயங்காலமே நடப்பீங்க."

புளோக் கீழே, கோயிலில், உறவினர் வீட்டில் இந்தப் பேச்சை நீங்களும் கேட்டிருக்கலாம். சொல்பவர் அக்கறையோடுதான் சொல்கிறார். மாத்திரையும் நன்றாகவே வேலை செய்கிறது. அதனால்தான் அதில் ஆபத்து இருக்கும் என்று யாருக்கும் தோன்றுவதில்லை.

சிங்கப்பூரில் 2030ஆம் ஆண்டுக்குள் குடிமக்களில் நால்வரில் ஒருவர் 65 வயதைத் தாண்டியிருப்பார். மூட்டுத் தேய்மானம் வயதோடு கூடும். வலி மாத்திரைக்கான தேவையும் அப்படித்தான். அந்த வயதில் பலரும் பிரெஷர், சுகர் மாத்திரைகளும் சாப்பிடுகிறார்கள். இரண்டும் சந்திக்கும் இடத்தில்தான் பிரச்சினை.

எந்த மாத்திரைகள்?

அழற்சியைக் குறைக்கும் இந்த வகையை மருத்துவர்கள் சுருக்கமாக 'என்செய்ட்' என்பார்கள். ஐபுபுரோஃபென், டைக்ளோஃபெனாக், நாப்ரோக்சன், மெஃபெனமிக் அமிலம், செலிகாக்சிப், எட்டோரிகாக்சிப் எல்லாம் ஒரே குடும்பம். வீட்டில் அவற்றை வோல்டரென், பொன்ஸ்டான், செலிப்ரெக்ஸ், ஆர்கோக்சியா என்று பிராண்டு பெயரில் சொல்வோம். பனடோல் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததல்ல.

பெயர் வேறு, குடும்பம் ஒன்று என்பதை மறந்தால் சிக்கல். முட்டிக்கு ஒரு கிளினிக்கில் ஆர்கோக்சியா, பல்வலிக்கு இன்னொரு கிளினிக்கில் பொன்ஸ்டான் என்று வாங்கி இரண்டையும் ஒரே நாளில் போட்டால், வலி இரட்டிப்பாகக் குறையாது. பக்கவிளைவுதான் கூடும்.

வலியைக் குறைக்கும் மாத்திரை வயிற்றை ஏன் தொடுகிறது?

உடலில் புரோஸ்டாகிளாண்டின் என்ற வேதிப்பொருள் சுரக்கிறது. மூட்டில் வலியையும் வீக்கத்தையும் உண்டாக்குவது அதுதான். வயிற்றின் உட்சுவரை அமிலத்திலிருந்து காப்பதும் சிறுநீரகத்துக்கு ரத்தம் சீராகப் போக உதவுவதும் அதேதான். மாத்திரை முட்டியை மட்டும் தேடிப் போவதில்லை. உடல் முழுதும் அந்தச் சுரப்பைக் குறைக்கிறது.

"சாப்பிட்டுட்டுத்தானே போடுறேன்" என்பார்கள். சாப்பிட்ட பிறகு போட்டால் வயிற்று எரிச்சல் குறையலாம். ஆனால் ரத்தத்தில் கலந்த மருந்தும் வயிற்றின் பாதுகாப்பைக் குறைப்பதால் புண், ரத்தக்கசிவு வரும் வாய்ப்பு முழுமையாக நீங்காது. அதனால்தான் சிலருக்கு மருத்துவர் ஒமெப்ரசோல் போன்ற அமிலம் குறைக்கும் மருந்தையும் சேர்த்துத் தருகிறார். அதை "இது எதுக்கு?" என்று ஒதுக்கி வைக்கக்கூடாது.

வயிற்றுக்கு இதமான மாத்திரை வேண்டும் என்று உருவானவை செலிகாக்சிப், எட்டோரிகாக்சிப் போன்றவை. ஆனால் அந்த வகையில் முன்பு வந்த வயாக்ஸ், மாரடைப்பு, பக்கவாத அபாயத்தைக் கூட்டுவது தெரியவந்ததால் 2004 செப்டம்பரில் உலகச் சந்தையிலிருந்து மீட்டுக்கொள்ளப்பட்டது. அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2015இல் தன் எச்சரிக்கையைக் கடுமையாக்கியது: ஆஸ்பிரின் தவிர்த்த மற்ற என்செய்ட் மருந்துகளால் இந்த அபாயம் பயன்படுத்தத் தொடங்கிய முதல் சில வாரங்களிலேயே ஏற்படலாம், அளவு கூடினால் அபாயமும் கூடலாம்.

பிரெஷர் மாத்திரையோடு சேர்ந்தால்?

இங்குதான் அதிகக் கவனம் வேண்டும். சிறுநீரகத்தின் வடிகட்டி வேலை செய்ய உள்ளே வரும் ரத்தத்தின் அழுத்தம் போதுமானதாக இருக்க வேண்டும். என்செய்ட் மாத்திரை, உள்ளே வரும் ரத்தக்குழாயைச் சுருக்குகிறது. லோசார்டான், எனலாப்ரில் போன்ற பிரெஷர் மாத்திரைகள் வெளியே போகும் குழாயைத் தளர்த்துகின்றன. சிறுநீர் அதிகம் பிரிய வைக்கும் மாத்திரை உடலின் நீரைக் குறைக்கிறது. மூன்றும் ஒன்றுசேர்ந்தால் வடிகட்டியில் அழுத்தம் விழுந்து சிறுநீரகம் திடீரெனப் பாதிக்கப்படலாம்.

தனித்தனியாக ஒவ்வொன்றும் நல்ல மருந்துதான். மூன்றையும் ஒருசேர யாரும் பார்க்காததுதான் கோளாறு. சிங்கப்பூரில் சிறுநீரகச் செயலிழப்புக்கு முக்கியக் காரணம் நீரிழிவு. ஏற்கெனவே பலவீனமான சிறுநீரகத்துக்கு இது கூடுதல் சுமை. வலி மாத்திரையால் ரத்த அழுத்தமும் ஏறலாம். பிரெஷர் ஏன் ஏறியது என்று தெரியாமல், அதற்கான மருந்தைக் கூட்ட வேண்டிய நிலை வரும்.

"டாக்டர் கொடுத்த மாத்திரைதானே?"

கொடுத்தது யாருக்கு, எதற்கு, எத்தனை நாளுக்கு என்பதுதான் கேள்வி. எட்டோரிகாக்சிப்பை எடுத்துக்கொள்வோம். மூட்டுத் தேய்மானத்துக்கு வழக்கமான அளவு நாளுக்கு 30 மில்லிகிராம், அதிகபட்சம் 60. திடீர் 'கௌட்' வலிக்கு 120 மில்லிகிராம், அதுவும் 8 நாளுக்கு மேல் போகக்கூடாது. பக்கத்து வீட்டு அங்கிளின் கௌட் மாத்திரையை உங்கள் அம்மா முட்டிக்குப் போட்டால், உச்ச அளவைப்போல் இரண்டு மடங்கு. ரத்த அழுத்தம் கட்டுக்குள் இல்லாதவர்களுக்கு அந்த மாத்திரையே கூடாது.

இப்படிக் கைமாறும் மாத்திரை எந்தப் பதிவிலும் வராது. 2023இல் தொடங்கிய 'ஹெல்தியர் எஸ்ஜி' திட்டம், ஒரே குடும்ப மருத்துவரிடம் தொடர்ந்து செல்வதை ஊக்குவிக்கிறது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் டப்பாவில் மிஞ்சிக் கிடந்ததையும் ஜோகூர் பாருவில் வாங்கியதையும் நீங்கள் சொன்னால்தான் அவருக்குத் தெரியும்.

'இயற்கை மருந்து' என்று இணையத்தில் விற்கப்படுபவையும் அப்படித்தான். "ரெண்டே நாள்ல வலி போயிடும்" என்று விற்கப்படும் சிலவற்றில், லேபிளில் சொல்லாமல் டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டும் வலி மருந்துகளும் கலந்திருப்பதைச் சுகாதார அறிவியல் ஆணையம் பலமுறை கண்டுபிடித்து எச்சரித்துள்ளது. நீண்ட நாள் அதைச் சாப்பிட்டவர்கள் சட்டென்று நிறுத்துவதும் ஆபத்து. உடனே மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

நீங்கள் என்ன செய்யலாம்?

• பிஸ்கட் டின், ஃபிரிட்ஜ், கைப்பை என எங்கெல்லாம் மருந்து இருக்கிறதோ எல்லாவற்றையும் மேசையில் பரப்புங்கள். படம் எடுத்து அடுத்த முறை மருத்துவரிடமோ மருந்தாளரிடமோ காட்டுங்கள். தைலம், சப்ளிமெண்ட் உட்பட.

• மூன்று கேள்வி கேளுங்கள்: இவற்றில் ஒரே குடும்ப மாத்திரை இரண்டு இருக்கிறதா? எத்தனை நாள் போட வேண்டும்? சிறுநீரகத்துக்கு ரத்தப் பரிசோதனை தேவையா? ஆஸ்பிரின் அல்லது ரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்து சாப்பிடுபவர் என்றால் அதை முதலில் சொல்லுங்கள்.

• காய்ச்சல் வந்து டெங்கி என்ற சந்தேகம் இருந்தால் இந்த வகை மாத்திரை வேண்டாம், ரத்தக்கசிவு ஏற்படலாம். வாந்தி, வயிற்றுப்போக்கு இருக்கும் நாளிலும் உடலில் நீர் குறைந்திருக்கும். மாத்திரையைத் தொடரலாமா என்று கேளுங்கள்.

• முட்டி, கை மூட்டுகளுக்கு மேலே பூசும் டைக்ளோஃபெனாக் ஜெல் பொருந்துமா என்று கேளுங்கள். ரத்தத்தில் மிகக் குறைவாகவே கலக்கும். தொடைத் தசையை வலுப்படுத்தும் பயிற்சியும் எடைக் குறைப்பும் முட்டியின் பாரத்தைக் குறைக்கும்.

• மலம் தார் போல் கறுப்பாகப் போவது, காபித் தூள் போன்ற வாந்தி, நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், ஒரு பக்கம் பலவீனம்: காத்திருக்க வேண்டாம், 995ஐ அழையுங்கள். கால் வீக்கம், சிறுநீர் குறைவது போன்றவற்றுக்கும் சீக்கிரம் மருத்துவரைப் பாருங்கள்.

இதையெல்லாம் படித்துவிட்டு மருத்துவர் எழுதிக்கொடுத்த மாத்திரையை இன்றே தூக்கிப் போட வேண்டாம். வலியோடு முடங்கினால் நடை குறையும், எடையும் சுகரும் ஏறும். சரியான ஆளுக்கு, சரியான அளவில், தேவைப்படும் நாள் வரை என்றால் இந்த மாத்திரை உதவக்கூடியதே.

வீட்டில் பேசும்போது ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள். "யாரைக் கேட்டு இதைப் போட்டீங்க?" என்று கோபப்பட்டால், அடுத்த மாத்திரை உங்கள் கண்ணுக்கே படாது. "அம்மா, வலி எப்போ அதிகமா இருக்கு? அப்போ என்ன போடுறீங்க?" என்று கேட்டுப் பாருங்கள். டப்பாவை அவர்களே எடுத்துக் காட்டக்கூடும்.