பெட்டியில் வந்த மிச்சம்

இந்த வாரம் பத்தியாளருக்குக் கோபம். கைவினைக் கடையொன்றில் ஓர் அழகான அட்டைப் பெட்டி. மேலே ‘மிச்சத் துணிக் கைவேலைத் தொகுப்பு’ என்று எழுத்து. உள்ளே பிசிறில்லாமல் சதுரமாக வெட்டிய புத்தம் புதுத் துணியும் காகித வளையம் கழற்றாத நூல் கட்டுகளும். அதில் மிச்சம் என்று சொல்லத்தக்கது, வாங்கியவரின் பர்ஸில் கிடக்கப்போகும் சில்லறை மட்டுமே.

அசல் பிட்டுத் துணி கிடைக்குமிடம் தையற்கடை. தையற்காரர்களோடு பத்தியாளருக்கு உள்ள தீராத வழக்கைப் பழைய வாசகர்கள் அறிவார்கள். ரவிக்கை வாங்கப் போனால், “பிட்டெல்லாம் வெட்டுலயே போயிடுச்சு மேடம்” என்பார்கள். அரைக்கை ரவிக்கைக்கு ஒரு மீட்டர் கொடுத்தாலும் அதே பதில்தான். போன பிட்டு வேறு யாருடைய ரவிக்கையிலோ பைப்பிங்காகவும் முதுகு நாடாக் குஞ்சமாகவும் தொங்கும்.

பெட்டியைப் பற்றி எழுதத்தான் பத்தியாளர் உட்கார்ந்தார். காந்தா குறுக்கே வந்துவிட்டது.

வங்காளத்துப் பெண்கள் நைந்த புடவைகளையும் வேட்டிகளையும் அடுக்கடுக்காகப் போட்டு ஓட்டுத் தையலால் இணைத்ததுதான் காந்தா. நூலுக்கும் கடைக்குப் போகவில்லை; புடவைக் கரையிலிருந்து இழை இழையாக உருவினார்கள். பழைய காந்தாக்களில் சிவப்பும் நீலமும் கறுப்புமே மிகுந்திருப்பது அதனால்தான்: கரையில் இருந்த நிறம் பூவுக்கு வந்தது. பலமுறை துவைத்து மெத்தென்றான துணியில் ஊசியும் சிரமமில்லாமல் இறங்கும்.

காந்தா என்றால் போர்வை மட்டும் இல்லை. கண்ணாடியையும் சீப்பையும் சுற்றி வைக்க ‘ஆர்ஷிலதா’, புத்தகம் பொதிய ‘பய்தன்’, சில்லறைக்கு ‘துர்ஜனி’ என்று கையகலத் துணிக்கும் ஒரு வேலை இருந்தது. கொல்கத்தாவையடுத்த ஜோக்காவிலுள்ள குருசதய் அருங்காட்சியகம் காந்தாக்களுக்குப் பேர்போனது. ஐ.சி.எஸ். அதிகாரியான குருசதய் தத், ஊர் ஊராகத் தேடிச் சேர்த்தவை அவை.

பத்தியாளருக்குப் பிடித்த புத்தகமும் இங்கேதான் வருகிறது, பொறுத்தருள்க. ஜசிமுத்தீன் 1929இல் வெளியிட்ட ‘நக்ஷி காந்தார் மாட்’ என்ற கதைக் கவிதை. ஊர்ச் சண்டையொன்றுக்குப் பின் ரூபாய் என்ற இளைஞன் தலைமறைவாகிறான். அவன் மனைவி சாஜு காத்திருக்கிறாள். தங்கள் வாழ்க்கையையே ஒரு காந்தாவில் தைக்கிறாள். தான் செத்தால் கல்லறைமேல் அதை விரிக்கச் சொல்கிறாள். கிழிசல் துணியை ஒரு காவியத்தின் நடுவில் வைத்த துணிச்சலுக்காகவே படிக்கலாம். ‘இதைத்தான் மூன்று முறை சொல்லிவிட்டீர்களே’ என்று வாசகர்கள் முணுமுணுப்பது கேட்கிறது. நான்காவது முறையும் சொல்வார்.

சரி, மிச்சம் கிடக்கும் நூலை என்ன செய்வது? ஆங்கர் நூல் கட்டு ஒன்றில் எட்டு மீட்டர், ஆறு இழை. முழங்கை நீளத் துண்டு மிஞ்சினாலும் இரண்டிரண்டு இழையாகப் பிரித்தால் மூன்று முறை ஊசியில் கோக்கலாம். இதழ் நிரப்பும் ஸாடின் தையல் மேலே போடும் அளவு நூலைத் துணியின் பின்பக்கமும் விழுங்கும். ஓட்டுத் தையலிலும் பாதி நூல் பின்னால்தான் போகும்; ஆனால் இடத்தை அடைக்காமல் கோடாக ஓடுவதால் மொத்தச் செலவு குறைவு. நிறம் நடுவில் தீர்ந்தால் அடுத்த நிறத்தில் தொடரலாம். காந்தாவில் அது குறையே இல்லை.

முதல் வேலைக்குத் துர்ஜனி போதும். பழைய வேட்டியில் ஒரு சாண் சதுரமாக இரண்டு துண்டு வெட்டி, ஒன்றன்மேல் ஒன்று வைத்துத் தையுங்கள். மூன்று முனைகளை நடுவுக்கு மடித்து ஓரங்களை இணைத்தால் பை; நான்காவது முனை மூடி. தைப்பதற்கு முன் சிவப்பு, கறுப்பு நூல்களை நனைத்து வெள்ளைத் துணியில் அழுத்திப் பாருங்கள். சாயம் ஒட்டினால் அந்த நூலை ஒதுக்கிவிடுங்கள்.