கண்ணடிக்கிற சர்வர்!

கேம்பஸ் இன்டர்வியூவில் செலக்ட் ஆகி, கழுத்தில் ஐ.டி. கார்டு மாட்டிக்கொண்டு, முதன்முதலாக சர்வர் ரூமுக்குள் நுழையறீங்கனு வெச்சுக்குங்க. உள்ளே ஏ.சி. குளிர் எலும்பு வரைக்கும் போகும். ஃபேன் சத்தத்தில் பக்கத்தில் நிற்பவர் பேசுவதே காதில் விழாது. ரேக் ரேக்காக அடுக்கிவைத்த பெட்டிகள். மானிட்டர் இல்லை, கீ-போர்டு இல்லை. கார்த்திகை தீபம் மாதிரி குட்டிக் குட்டி விளக்குகள் மட்டும்தான். அதில் ஒன்று மட்டும் ஆரஞ்சு நிறத்தில் உங்களைப் பார்த்துக் கண்ணடிக்குது. என்ன செய்வீங்க?

‘ரீ-ஸ்டார்ட் பண்ணிடுவேன் பாஸ்!’னு சொன்னா... ஸாரி, நீங்க ஃபெயில்! சர்வருக்கு வாய் கிடையாது. விளக்குதான் அதோட பாஷை. அந்த பாஷையை முதல்ல கத்துக்குவோம்.

கலர் கலரா அர்த்தம்

பச்சை எரிந்தால் எல்லாம் சுகம். ஆரஞ்சு மாதிரி தெரியும் ‘ஆம்பர்’ என்றால், ‘எனக்கு உடம்பு சரியில்லை, கொஞ்சம் கவனி’ என்று அர்த்தம். சிவப்பு என்றால் ஐ.சி.யூ. கேஸ். சிக்னல் லைட் மாதிரி ஈஸியா இருக்குல்ல?

அவசரப்படாதீங்க, நீலம்னு ஒரு வில்லன் இருக்கான். டெல் பவர்எட்ஜ் சர்வர்களில் முன்பக்கம் நீலம் நின்று எரிந்தால் ஆரோக்கியம். ஆம்பர் மினுங்கினால் கோளாறு. ஆனால் எச்.பி. ப்ரோலயன்ட்டில் நலம் சொல்வது பச்சைதான். அங்கே நீலம் என்பது அடையாள விளக்கு. முன்னால் இருக்கும் பட்டனை அமுக்கினால் பின்பக்கமும் நீலம் எரியும். ஒரே மாதிரி இருபது பெட்டி இருக்கும் ரேக்கின் பின்னால் போய் ‘நம்ம ஆள் எவன்?’ என்று முழிக்காமல் கண்டுபிடிக்கத்தான் இந்த ஏற்பாடு. அதே நீலம் தானாக மினுங்கினால், யாரோ தொலைவில் இருந்து அதில் வேலை பார்க்கிறார்கள். பவரில் கை வைக்கவே கூடாது. ஆக, கலரைப் பார்த்ததும் முடிவு கட்டாமல், அந்த மாடலோட மேனுவலைப் புரட்டுங்க.

ஒரு துக்கடா: கண்ணுக்குத் தெரியும் சிவப்பு எல்.இ.டி. 1962-லேயே வந்துவிட்டது. பளிச்சென்ற நீலத்துக்கு 1990-கள் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதைச் சாதித்த அகாசாகி, அமானோ, நகமுரா மூவருக்கும் 2014-ல் இயற்பியல் நோபல் கிடைத்தது.

பின்பக்கமும் பாருங்க

முன்பக்கத்து ஆம்பர் ஒரு பொதுவான அலாரம். மேல்மூடி சரியாக மூடாமல் இருந்தால்கூட சில சர்வர்களில் எரியும். அதனால் பின்னால் போய் ரெண்டு பவர் சப்ளையையும் பாருங்க. ஒன்றில் விளக்கே எரியவில்லையா? கரன்ட் வரவில்லை. வயர் லூஸா, சுவிட்ச் ஆஃபா என்று பாருங்க. ஆம்பர் எரிகிறதா? அந்தப் பவர் சப்ளைதான் போச்சு. டெஸ்ட் பண்ண வேற வயர் கொண்டுவாங்க. பக்கத்தில் நல்லா ஓடும் பவர் சப்ளையின் வயரைப் பிடுங்கி மாட்டிப் பார்க்காதீங்க. சர்வரோட மொத்த உயிரும் அப்போ அதில்தான் ஓடிக்கிட்டிருக்கு!

ஐ.பி.எம். தன் சர்வர்களில் ‘லைட் பாத்’ என்று ஒன்று வைத்தது. (அந்த சர்வர் பிசினஸை 2014-ல் லெனோவோவிடம் விற்றுவிட்டார்கள்.) முன்பக்க விளக்கு ஒரு பேனலுக்கு வழிகாட்டும், பேனல் ‘மெமரி’ என்று சொல்லும், மூடியைத் திறந்தால், கெட்டுப்போன மெமரி கார்டுக்குப் பக்கத்திலேயே குட்டி விளக்கு எரியும். விலாசம் சொல்லிக் கூட்டிப்போகிற மாதிரி!

பட்டுத் தெரிஞ்ச பாடம்

அடுத்தது, ஹார்டு டிஸ்க். இதை நான் படிச்சுத் தெரிஞ்சுக்கலை, பட்டுத் தெரிஞ்சுக்கிட்டேன்.

வேலைக்குச் சேர்ந்த புதுசு. நாலு டிஸ்க், ரெய்டு 5. நாலில் ஒன்று செத்தாலும், மீதி மூணும் சேர்ந்து கணக்குப் போட்டு அதோட டேட்டாவைக் கொடுத்துவிடும். ரெண்டாவதும் போனால் கதை முடிஞ்சது. ஸ்க்ரீனில் ‘டிஸ்க் 2 ஃபெயில்’னு மெசேஜ். கெத்தாகப் போய், இடது பக்கத்திலிருந்து ஒண்ணு, ரெண்டு என்று எண்ணி, ரெண்டாவதை உருவினேன்.

கம்ப்யூட்டர் பூஜ்யத்தில் இருந்து எண்ணும் என்று நாலு வருஷம் படிச்சவன்தான் நான். உருவினது 1-ம் நம்பர். நல்லா இருந்த டிஸ்க். பக்கத்திலேயே 2-ம் நம்பர், ஆம்பர் விளக்கை எரியவிட்டு ‘நான்தான்டா அது’ன்னு கத்திக்கிட்டிருந்தது. நான் பார்க்கவே இல்லை. பதறிப்போய்த் திரும்பச் செருகினேன். வரலை. கடைசி பேக்-அப் ஆறு நாள் பழசு. ஒரு டீமோட ஆறு நாள் உழைப்பு காலி. சீனியர் திட்டவே இல்லை. ‘விளக்கைப் பார்த்தியா?’ன்னு மட்டும் கேட்டார். திட்டியிருந்தால்கூட மறந்திருப்பேன்.

என்னை மாதிரி ஆட்கள் உலகம் பூரா இருப்பாங்க போல! 2012-ல் வந்த எச்.பி. ஜென்8 சர்வர்களில் டிஸ்க்கிலேயே ‘எடுக்காதே’ என்று ஒரு வெள்ளை விளக்கு வைத்தார்கள். அது எரியும்போது அந்த டிஸ்க்கை உருவினால் டேட்டா போகும் என்று அர்த்தம்.

கை வைக்கும் முன்னால்...

செல்போனில் விளக்குகளை ஒரு வீடியோ எடுங்க. நின்று எரிவதும் மினுங்குவதும் வேற வேற அர்த்தம். போட்டோவில் அது தெரியாது.

ஐடிராக், ஐலோ மாதிரி நிர்வாகப் பக்கத்தில் லாக் பாருங்க. விளக்கும் லாக்கும் ஒரே பார்ட்டைக் கைகாட்டினால் மட்டும் அடுத்த ஸ்டெப்.

கைப்பிடி கலரைக் கவனியுங்க. பல கம்பெனிகளில் மெரூன் அல்லது ஆரஞ்சு கலந்த நிறம் இருந்தால், சர்வர் ஓடும்போதே கழற்றலாம். நீலம் என்றால் பெரும்பாலும் ஆஃப் பண்ணிட்டுத்தான்.

பேக்-அப் இருக்கானு கேளுங்க. ‘இருக்கும்’ என்பது பதில் இல்லை, ‘இருக்கு’ என்பதுதான் பதில்.

பச்சை, ஆம்பர் வித்தியாசம் உங்க கண்ணுக்குச் சரியாகத் தெரியலையா? வெட்கமே வேண்டாம். பக்கத்தில் ஒருத்தரை நிற்கவெச்சுக் கேளுங்க.

இன்னொண்ணு. எல்லா விளக்கும் பச்சையாக இருந்தும் வெப்சைட் படுத்திருந்தால், விளக்கைக் குறை சொல்லாதீங்க. அதுக்கு ஹார்டுவேர் மட்டும்தான் தெரியும். நீங்க எழுதின கோடு அதுக்குத் தெரியாது!

நாளைக்கே உங்க காலேஜ் லேப் இன்சார்ஜிடம் பர்மிஷன் வாங்கி, அங்கே இருக்கும் சர்வரை ஒருதடவை சுத்திப் பாருங்க. எந்த விளக்கு எங்கே இருக்கு, டிஸ்க் நம்பர் எங்கே ஆரம்பிக்குதுனு நோட்டில் வரைஞ்சுக்குங்க. கையை மட்டும் பின்னால் கட்டிக்குங்க, ப்ளீஸ்!