கம்பெனிகளுக்குக் கலியாணம், பிரயாணிகளுக்கு மொய்

ஆகாய விமானக் கம்பெனிகள் இரண்டு ஒன்றாய்ச் சேருகின்றன என்று ஒரு சேதி வந்துவிட்டால், நம் பத்திரிகைகள் அதை ஒரு பெரிய வீட்டுக் கலியாணச் சேதியைப் போலவே பிரசுரிக்கின்றன. மாப்பிள்ளை வீட்டாரின் ஆஸ்தி இவ்வளவு, பெண் வீட்டார் கொண்டுவரும் விமானம் இத்தனை, முகூர்த்தம் இன்ன தேதியில் என்று பத்தி பத்தியாய் எழுதுகின்றன. ஆனால் இந்தக் கலியாணத்திற்கு மொய் எழுதுகிறவன் யார், பந்தியில் அவனுக்கு இலை உண்டா என்கிற கேள்வியை மாத்திரம் கேட்கக் காணோம். அந்த மொய்க்காரன் வேறு யாருமல்ல. டிக்கெட் வாங்கும் பிரயாணிதான். ஆகையால் அவன் பக்கத்துக் கணக்கை நாம் இங்கே எடுத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

சங்கதி இதுதான். 2022 ஜனவரியில் இந்திய சர்க்கார் ஏர் இந்தியாவை டாட்டாக்களிடம் விற்று ஒப்படைத்தார்கள். அதோடு ஏர் இந்தியா எக்ஸ்பிரசும் கூடப் போயிற்று. டாட்டாக்கள் கையில் அப்போதே வேறு இரண்டு கம்பெனிகள் இருந்தன. ஒன்று, சிங்கப்பூர் ஏர்லைன்ஸோடு கூட்டாக 2015 முதல் நடத்திவந்த விஸ்தாரா. மற்றொன்று ஏர் ஏசியா இந்தியா. 2024 அக்டோபர் 1ந் தேதி, ஏர் ஏசியா இந்தியாவாய் இருந்த கம்பெனி எக்ஸ்பிரசுக்குள் போயிற்று. நவம்பர் 12ந் தேதி விஸ்தாரா ஏர் இந்தியாவுக்குள் போயிற்று. நான்கு பெயர் இரண்டு பெயராயிற்று. சிங்கப்பூர் கம்பெனிக்கு ஏர் இந்தியாவில் நூற்றுக்கு 25.1 பங்கு கிடைத்தது. இதனால் நிர்வாகம் பலப்படும், செலவு குறையும், பிரயாணிக்கு நன்மை பெருகும் என்று சொன்னார்கள். செலவு குறையும் என்பது உண்மையாகவே இருக்கலாம். குறைந்த செலவு யார் பைக்குப் போகிறது என்பதுதான் நமது கேள்வி.

"அரியும் சிவனும் ஒண்ணு, அறியாதவன் வாயிலே மண்ணு" என்று நம்மூரில் சொல்லுவார்கள். நாமம் போட்டவனும் பட்டை போட்டவனும் ஒரு காலத்தில் தலையை உடைத்துக்கொண்டார்கள். பிறகு இரண்டு சாமியும் ஒன்றே என்று சமாதானம் சொன்னார்கள். சரி, ஒன்றான பிறகு உண்டியல் குறைந்ததா? தட்டில் விழும் காசு பாதியாயிற்றா? இல்லவே இல்லை. அதுபோலவே கம்பெனிகள் ஒன்றானால் கட்டணம் ஏன் குறையவேண்டும்? போட்டி இருக்கிறபோது ஒருவனுக்குப் பயந்து மற்றவன் விலையைக் குறைக்கிறான். பயம் போய்விட்ட பிறகு யாருக்காகக் குறைப்பான்? பிரயாணியின் மேலுள்ள அன்பினாலா?

ஆகாயத்தில் போவது பணக்காரன் பாடு, இதில் நமக்கென்ன என்று சில தோழர்கள் கேட்கக்கூடும். பல்லாவரம், பொழிச்சலூர், அனகாபுத்தூர் ஜனங்களுக்கு விமானத்தினால் கிடைத்தது கூரைமேல் விழும் இரைச்சல் ஒன்றுதானே என்பார்கள். அது ஒரு காலத்துப் பேச்சு. இன்று சென்னையிலிருந்தும் திருச்சியிலிருந்தும் சிங்கப்பூருக்கும் அரபு நாடுகளுக்கும் போகிறவன் யார்? தஞ்சை, புதுக்கோட்டை ஜில்லாக்களில் நிலத்தையோ மனைவியின் தாலியையோ அடகு வைத்துவிட்டுக் கூலி வேலைக்குப் போகிற வாலிபன்தான். அவன் உல்லாசத்திற்காகப் பறக்கவில்லை, பிழைப்பதற்காகப் பறக்கிறான். தாய் செத்துப்போனாள் என்று தந்தி போல ஒரு வரி கைப்பேசியில் வந்தால், கட்டணம் இறங்கட்டும் என்று அவன் காத்திருக்க முடியுமா? அன்றைக்கு என்ன விலை சொல்லுகிறார்களோ அதைக் கொடுத்தே தீரவேண்டும். மூன்று மாதச் சம்பளம் ஒரு டிக்கெட்டில் போய்விடுகிற அவனுக்கு, கம்பெனி இரண்டா நான்கா என்பது வயிற்றுக் கேள்வியாகும்.

தாம்பரத்துக்கும் கடற்கரைக்கும் 1931ல் மின்சார ரயில் விட்டார்கள். அந்த ரயிலில் வந்து திரிசூலம் ஸ்டேஷனில் இறங்கி ஜி.எஸ்.டி. ரோட்டைக் கடந்தால் விமான நிலையம். ரோட்டுக்கு இந்தப் பக்கம் டிக்கெட் விலை எல்லோருக்கும் தெரிந்த விலை. ஒரே வகுப்பில் குப்பனுக்கு என்னவோ சுப்பனுக்கும் அதுவே. ரோட்டுக்கு அந்தப் பக்கம், ஒரே ஊருக்கு ஒரே விமானத்தில் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் போகிற இரண்டு பேர் இரண்டு விலை கொடுத்திருப்பார்கள். காரணம் கேட்டால் "மார்க்கெட் நிலவரம்" என்பார்கள். ஜோசியன் "கிரக நிலவரம்" என்று சொல்லுவதற்கும் இதற்கும் என்ன பேதம்? ஒரு பேதம் உண்டு. கிரகங்களை யாரும் கையில் பிடித்து வைத்திருக்கவில்லை. மார்க்கெட்டையோ இரண்டு கூட்டத்தார் பிடித்து வைத்திருக்கிறார்கள். 2025ல் உள்நாட்டு விமானப் பிரயாணிகளில் நூற்றுக்கு ஏறக்குறைய 90 பேர் இண்டிகோவிலும் டாட்டாக்களின் விமானங்களிலுமாகவே போனார்கள். போட்டி வந்தால் பிரயாணிக்கு நன்மை என்று சொல்லித்தானே 1994ல் சட்டத்தை மாற்றி, சர்க்காருக்கு இருந்த ஏகபோகத்தை எடுத்தார்கள்? எந்தப் போட்டியைக் காட்டிக் கதவைத் திறந்தார்களோ, அந்தப் போட்டி சாகும்போது மாத்திரம் வாயை மூடிக்கொண்டிருப்பது என்ன யோக்கியதை?

"சேராவிட்டால் கம்பெனிகள் நஷ்டப்பட்டுச் செத்துப்போகும், ஆகையால் சேருவதே மருந்து" என்று கெட்டிக்காரர்கள் சொல்லுகிறார்கள். இந்த மருந்தை நம் நாடு ஏற்கெனவே சாப்பிட்டுப் பார்த்திருக்கிறது. 2007 என்ற ஒரே வருஷத்தில் மூன்று சேர்க்கைகள் ஆரம்பமாயின. ஏர் இந்தியாவும் இந்தியன் ஏர்லைன்சும் சேர்ந்தன. ஜெட் கம்பெனி சஹாராவை வாங்கிற்று. கிங்பிஷர் டெக்கானைப் பிடித்தது. முடிவு என்ன? கிங்பிஷர் 2012ல் நின்றது. ஜெட் 2019 ஏப்ரலில் நின்றது. ஏர் இந்தியா கடனில் மூழ்கி விற்பனைக்கு வந்தது. மூன்று நோயாளிக்கும் ஒரே மருந்து, மூன்று பேருக்கும் ஒரே கதி! நின்ற கம்பெனிகளில் சம்பளம் வராமல் தவித்தவர்கள் தொழிலாளிகள். டிக்கெட் பணத்துக்கு அலைந்தவர்கள் பிரயாணிகள். இவ்வளவுக்குப் பிறகும் சேர்க்கை என்ற சொல்லை மந்திரம் போல ஜபிப்பதை மூடநம்பிக்கை என்று சொல்லாமல் வேறு என்னவென்று சொல்லுவது?

கடன் கதையையும் கேளுங்கள். 2021 ஆகஸ்ட் முடிவில் ஏர் இந்தியாவின் கடன் 61,562 கோடி ரூபாய். வாங்கினவர்கள் ஏற்றுக்கொண்டது 15,300 கோடி. ரொக்கமாய்க் கொடுத்தது 2,700 கோடி. மீதிக் கடன் 46,262 கோடி சர்க்கார் கம்பெனி ஒன்றின் தலையில் ஏற்றப்பட்டது. சர்க்கார் தலை என்றால் யார் தலை? விமானத்தைத் தூரத்திலிருந்து பார்த்ததோடு சரியான சேலையூர் கீரைக்காரியின் தலையும் அதில் சேர்ந்ததுதான். லாபம் வந்தால் தனி உடைமை, நஷ்டம் வந்தால் பொது உடைமை! சமதர்மத்தை எதிர்க்கிறவர்கள் இந்த ஒரு சமதர்மத்தை மாத்திரம் மிக்க பிரியத்தோடு ஏற்றுக்கொள்ளுகிறார்கள்.

நிற்க, சேரவே கூடாது என்பது நமது கட்சி அல்ல. நாம் கலியாணத்துக்கு விரோதிகளா? புரோகிதக் கலியாணத்துக்குத்தான் விரோதிகள். யாருக்கும் புரியாத பாஷையில் மந்திரம் சொல்லி, நிபந்தனை இன்னதென்று தெரியாமல் முடிச்சுப் போடுவதைத்தான் கண்டிக்கிறோம். சபை அறிய ஒப்பந்தம் சொல்லி, இரு பக்கத்து உரிமையும் கடமையும் விளங்கச் செய்வதே சுயமரியாதைக் கலியாணம்.

இந்த அளவுகோலை வைத்தே இந்தச் சேர்க்கையையும் அளந்து பாருங்கள். சிங்கப்பூர் கம்பெனி ஏர் இந்தியாவில் பங்குக்காரனானால், சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் நடுவே நேற்றுவரை போட்டியாளராய் இருந்தவர்கள் இன்று சம்பந்திகள் ஆகிறார்கள். இதைச் சிங்கப்பூர் சர்க்காரின் போட்டி ஆணையம் கவனித்தது. போட்டி குறையும் என்று தன் சந்தேகத்தை வெளிப்படையாய்ச் சொல்லிற்று. பிறகு 2024 மார்ச்சில் நிபந்தனையோடுதான் சம்மதம் கொடுத்தது. சிங்கப்பூரிலிருந்து டில்லி, பம்பாய், சென்னை, திருச்சி ஆகிய நான்கு மார்க்கங்களிலும் கொரோனா தொற்றுக்கு முன் இருந்த அளவுக்கு இடங்களை விடவேண்டும், அதைச் சுதந்திரமான தணிக்கைக்காரர் பார்க்கவேண்டும் என்பது ஏற்பாடு. நான்கில் இரண்டு நம் தமிழ்நாட்டு ஊர்கள் என்பதைக் கவனியுங்கள். நம் திருச்சிக்காரனுக்கு இடம் குறையக்கூடாது என்று கவலைப்பட ஒரு சிங்கப்பூர் ஆணையம் இருந்தது.

நம் நாட்டு ஆணையமும் சும்மா இருந்துவிடவில்லை என்பதை மறைக்காமல் சொல்லுகிறோம். கம்பெனிகள் தாமாகக் கொடுத்த வாக்குறுதிகளின் பேரில்தான் அது 2023 செப்டம்பரில் சம்மதித்தது. ஆனால் அந்த வாக்குறுதிகள் இன்னவை என்று தாம்பரத்திலோ குரோம்பேட்டையிலோ எத்தனை பேருக்குத் தெரியும்? டிக்கெட் வாங்குகிறவன் அதைத் தன் பாஷையில் எங்கே படித்தான்? புரியாத பாஷையில் கொடுத்த வாக்குறுதிக்கும் புரியாத பாஷையில் சொன்ன மந்திரத்துக்கும் கேட்கிறவனைப் பொறுத்தவரையில் வித்தியாசம் கிடையாது.

அதிகாரம் சிலர் கையில் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதை 2025 டிசம்பரில் கண்ணால் பார்த்தோம். இண்டிகோ சேர்க்கையினால் பெருத்ததல்ல. மற்றவர்கள் விழ விழப் பெருத்தது. விமானிகளின் வார ஓய்வை 36 மணியிலிருந்து 48 மணியாக்கியது உட்படப் புதிய ஓய்வு விதிகள் வந்தன. விதி வரப்போகிறது என்று முன்னமே தெரிந்திருந்தும் போதிய ஆட்களோடு தயாராகவில்லை. டிசம்பர் 5ந் தேதி ஒரே நாளில் ஆயிரத்துக்கு மேற்பட்ட விமானங்கள் நின்றன. மற்றக் கம்பெனிகளின் கட்டணம் ஆகாயத்துக்கு மேலே போயிற்று. மறுநாள் சர்க்கார் விழித்து, 500 கிலோமீட்டர் வரை 7,500 ரூபாய், 1,500க்கு மேல் 18,000 ரூபாய் என்று உச்சவரம்பு கட்டினார்கள். ஓய்வு விதியிலிருந்தோ கம்பெனிக்குத் தற்காலிக விலக்குக் கொடுத்தார்கள். கடை ஒன்று பெருத்துவிட்டால் அதைத் தண்டிக்கவும் முடியாது, மூடவும் முடியாது. சட்டமே அதற்கு வளைந்துகொடுக்கவேண்டி வருகிறது. ஆனால் இதில் ஒரு நல்ல பாடமும் உண்டு. கட்டணத்தைக் கட்டுப்படுத்தவே முடியாது, அது மார்க்கெட்டின் இஷ்டம் என்று இத்தனை காலம் சொன்னது பொய் என்று ஒரே நாளில் ருஜுவாகிவிட்டது. டிசம்பரில் முடிந்தது பொங்கலுக்கும் தீபாவளிக்கும் ஏன் முடியாது?

நஷ்ட ஈட்டு விதியைப் பாருங்கள். தக்க முன்னறிவிப்பு இல்லாமல் கம்பெனி தன் குற்றத்தால் விமானத்தை நிறுத்தினால், வேறு விமானமோ டிக்கெட் பணமோ கொடுப்பதல்லாமல், பிரயாண நேரத்துக்குத் தக்கபடி 5,000 அல்லது 7,500 அல்லது 10,000 ரூபாயும் கொடுக்கவேண்டும் என்று, அந்த டிசம்பரில் அமலில் இருந்த விதி சொல்லுகிறது. அதோடு ஒரு வாலும் இருக்கிறது. இந்தத் தொகையோ, டிக்கெட்டின் அடிப்படைக் கட்டணமும் எரிபொருள் கட்டணமும் சேர்ந்த தொகையோ, "எது குறைவோ அது" என்பதுதான் அந்த வால். ஐரோப்பாவில் 2004ல் செய்த விதியில் தூரத்தைப் பார்த்து 250, 400, 600 யூரோ என்று வைத்தார்கள். டிக்கெட் மலிவாய் வாங்கினாயா என்று கேட்கவில்லை. நம் விதியோ, ஏழை எவ்வளவு மலிவாய் வாங்கினானோ அவன் நஷ்டமும் அவ்வளவு மலிவு என்று சொல்லுகிறது. கட்டணம் வாங்கும்போது எது அதிகமோ அது. நஷ்ட ஈடு கொடுக்கும்போது எது குறைவோ அது! இதை எழுதின கை பிரயாணியின் கையாக இருக்கமுடியுமா?

ஆகவே நாம் கேட்பது இதுதான். சேருகிற கம்பெனிகள் எந்த மார்க்கத்தில் எத்தனை விமானம் விடுவோம் என்று கொடுக்கும் வாக்குறுதி, அந்தந்த ஊர் பாஷையில் விமான நிலையத்திலேயே பலகையில் எழுதப்படவேண்டும். அதைச் சுதந்திரமான தணிக்கைக்காரர் பார்த்து வருஷா வருஷம் வெளியிடவேண்டும். ஆபத்துக் காலத்துக்கு மாத்திரமல்லாமல் எக்காலத்துக்கும் கட்டணத்துக்கு ஓர் உச்சவரம்பு வேண்டும். "எது குறைவோ அது" என்ற வால் நறுக்கப்படவேண்டும்.

இதெல்லாம் நடக்கிற காரியமா என்று மலைக்கவேண்டாம். ரயில்வே ஸ்டேஷன் சாப்பாட்டு விடுதிகளில் பிராமணாளுக்கு ஓரிடம், இதராளுக்கு ஓரிடம் என்று பலகை தொங்கிய காலம் உண்டு. அதுவும் வெகுநாள் வழக்கம், மாற்றமுடியாது என்றுதான் சொன்னார்கள். 1941ல் கிளர்ச்சி செய்தோம், பலகை இறங்கிற்று. சாமி வந்து இறக்கவில்லை.

அதுவரையில் ஒவ்வொருவரும் செய்யக்கூடிய வேலையும் இருக்கிறது. விமானம் நின்றுபோனால் நேரம் சரியில்லை, கிளம்பினது ராகுகாலம் என்று வீட்டுக்குத் திரும்பிப் போகாதீர்கள். நின்றதற்குக் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். டிக்கெட்டையும் ரசீதையும் பத்திரப்படுத்துங்கள். 2019ம் வருஷத்து நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் ஜில்லாவிலேயே புகார் கொடுக்கலாம். தாம்பரத்துக்காரருக்கு அது செங்கற்பட்டு. வக்கீல் அவசியமில்லை, கொடுத்த விலை ஐந்து லட்சத்துக்குள் இருந்தால் கட்டணமும் இல்லை. கோவில் உண்டியலில் போடும் காசில் ஒரு தபால் செலவுக்கு எடுத்தால் போதும்.

மொய் எழுதுகிறவன் பந்தியில் இலை கேட்பது பிச்சையல்ல. பணம் கொடுத்தவன் கணக்குக் கேட்கிறான், அவ்வளவுதான். அவன் கேட்காத வரையில் கம்பெனிகள் எத்தனை முறை கலியாணம் செய்துகொண்டாலும் தாலிக்குப் பொன் அவன் பையிலிருந்தே போகும்.