ஊர்ப் பெயரும் ஒரு முதல்தான்

வியாபாரத்தில் முதல் என்றால் பணம், கடை, சரக்கு என்றே கணக்கிடுகின்றோம். ஊரின் பெயரும் ஒரு முதல்தான் என்பதை எம்மில் பலர் மறந்துவிட்டோம். இதற்கு எமது சப்ரகமுவ மாகாணத்திலேயே நல்லதோர் உதாரணம் உண்டு.

ஐரோப்பாவில் மரக்கரியால் இரும்பு உருக்கியவர்கள், உலைக்குக் காற்றூதும் துருத்திகளை நீர்ச்சக்கரங்களால் இயக்கினார்கள். அதற்கும் முன்பே, கி.பி. 7 முதல் 11ஆம் நூற்றாண்டு வரை, பலாங்கொடைக்கு அப்பால் சமனலவெவ மலைகளில் துருத்தியே இல்லாமல் உருக்கு எடுத்திருக்கின்றார்கள். தென்மேல் பருவக்காற்று நேரே மோதும் மேற்கு விளிம்புகளில் உலைகளைக் கட்டினார்கள். முன்சுவரின் மேலாகக் காற்று வேகமாகக் கடக்கும்போது, அடியிலுள்ள மண்குழாய்கள் வழியே உலைக்குள் காற்று இழுக்கப்படும். உந்துசக்திக்குச் செலவே இல்லை.

அங்கு நீர்மின் அணைக்கட்டு அமைக்கப்பட்டபோது இவ்வுலைகளை ஆய்வு செய்தவர் பிரித்தானியத் தொல்லியலாளர் கில் ஜூலெஃப். 1994இல் அதே அமைப்பில் உலை கட்டி மூட்டிப் பார்த்தார். தரமான உருக்கு கிடைத்தது. 1996இல் 'நேச்சர்' சஞ்சிகை அதனை வெளியிட்டது.

9ஆம் நூற்றாண்டில் பக்தாதில் வாழ்ந்த அறிஞர் அல்கிந்தி, வாள்கள் பற்றிய தனது நூலில் ஸரன்தீப் இரும்பினாலான வாள்களைப் பெயர் சொல்லியே குறிப்பிடுகின்றார். கடல் கடந்த சந்தையில் ஒரு சரக்கு ஊர்ப் பெயரால் அறியப்படுவது சாதாரண விடயமல்ல. ஒவ்வொரு முறையும் ஒரே தரத்தில் போய்ச் சேர்ந்தால்தான் அது நடக்கும்.

இன்று எமது நிலை என்ன? நான் கடை வைத்திருக்கும் கித்துல்கலவின் பெயரிலேயே கித்துல் மரம் இருக்கின்றது. ஹட்டன் வீதியில் போவோரும், ஆற்றில் படகோட்ட வருவோரும் பாணி வாங்க நிற்கின்றார்கள். போத்தலைக் கையில் எடுத்ததும் அவர்கள் கேட்கும் முதல் கேள்வி, "சீனி கலந்ததா?" என்பதுதான். சிலர் கலப்பதால் எல்லோரும் சந்தேகத்துக்கு ஆளாகின்றோம். மரமேறிச் சுத்தமான பாணி காய்ச்சுபவருக்கும் கலப்படப் பாணியின் விலையே கிடைக்கின்றது. அவர் தொழிலை விட்டால் எமக்குச் சரக்கே இல்லை.

2022இல் இலங்கைக் கறுவாவுக்கு ஐரோப்பிய ஒன்றியம் புவியியல் குறியீட்டுப் பாதுகாப்பு வழங்கியது. ஊர்ப் பெயருக்கு விலை உண்டு என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்?

கலந்த பாணியை விற்பவர் 'கலந்தது' என்று எழுதியே விற்கட்டும். சுத்தமான பாணிப் போத்தலில் காய்ச்சிய கிராமத்தையும் திகதியையும் எழுதி, அதற்குரிய விலையைத் துணிந்து கேட்போம். அதிகாரிகள் வந்து போத்தலைச் சோதிக்கும்வரை காத்திருக்கத் தேவையில்லை. இவ்வீதிக் கடைக்காரர்கள் நாமே கூடிப் பேசி இதனைத் தொடங்கலாம்.