பழுதுக்கு ஈடாகச் செப்பனிட்ட பொருளா?

கீழவைப்பாரிலிருந்து நமது அங்கத்தினர் ஒருவர் வினா ஒன்று விடுத்திருக்கிறார். அவருடைய தம்பி நாட்டுப் படகில் மன்னார் வளைகுடாவுக்குத் தொழிலுக்குச் செல்பவர். படகுக்கென்று கையடக்கமான ஜி.பி.எஸ். கருவி ஒன்றை வாங்கி ஏழு வாரம் ஆவதற்குள் அதன் திரை மங்கி, எண்கள் தெரியாமற் போயின. ஓராண்டு உத்தரவாதம் உள்ள பொருளாகையால், விற்ற கம்பெனியார் சச்சரவின்றி வேறொன்றை அனுப்பினர். வந்ததோ வெள்ளைப் பெட்டியில், 'செப்பனிடப்பட்டது' என்ற சிறு சீட்டுடன். ஏற்பதா, திருப்புவதா என்று கேட்கிறார். கைப்பேசி, மின்னணுத் தராசு, பம்பு செட்டை வீட்டிலிருந்தே இயக்கும் மொபைல் ஸ்டார்ட்டர் என நமது நெசவாளரும் உழவரும் வாங்கும் பொருள் பலவற்றிலும் இக்கேள்வி எழுவதால், சற்று விரிவாகவே ஆராய விரும்புகிறோம்.

செப்பனிட்ட பொருள் என்றதும் முகஞ்சுளிப்பது சரியன்று. மின்னணுக் கருவிகளில் உற்பத்திக் குறை இருந்தால் அது பெரும்பாலும் தொடக்கத்திலேயே வெளிப்பட்டுவிடும். அப்பருவத்தைக் கடந்தவை நெடுநாள் உழைத்து, தேய்மானம் வந்த பின்னரே மறுபடி பழுதாகும். ஒருவர் திருப்பிய கருவியின் குறையைக் கண்டறிந்து, கெட்ட உறுப்பை மாற்றி, தொழிற்சாலையிலேயே சோதித்து அனுப்புவார்களாயின், அது சோதனையில் தேறிய பொருளே. மேலும், பத்து மாதம் உழைத்த போனுக்கு ஈடாகப் புத்தம் புதிய போன் வேண்டுமென்பது நியாயத்திற்குச் சற்று அதிகமான கோரிக்கை என்று வியாபாரி வாதித்தால், அதை முற்றிலும் தள்ளிவிடவும் இயலாது. இன்னும் உழைக்கக்கூடிய கருவியைக் குப்பையில் எறிவதால் யாருக்கும் இலாபமில்லை. 2023 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ள மின்னணுக் கழிவு விதிகளே செப்பனிடுவோரைப் பதிவு செய்து அங்கீகரிக்கின்றன.

ஆயினும் கடலோரத்தில் வாழும் நமக்குத் தனிக் கவலை ஒன்று உண்டு. நீர் புகாதவாறு செய்யப்படும் கருவிகளில் மூடியின் விளிம்பைச் சுற்றிப் பசையோ ரப்பர் வளையமோ இருக்கும். ஒருமுறை திறந்த கருவியில் அதைப் புதிதாக இட்டு, மறுபடி சோதித்தாலன்றி, பழைய காப்பு அப்படியே இருக்குமென்று நம்புவதற்கில்லை. உப்புக் காற்றுக்கு ஒரு மயிரிழை இடைவெளி போதும். பாட்டரியின் நிலையும் அவ்வாறே. பயன்படுத்தினாலும் வைத்திருந்தாலும் அதன் ஆயுள் குறைந்துகொண்டே வரும். வெளிக்கூடு பளபளவென்றிருப்பது உள்ளிருக்கும் பாட்டரியின் வயதைச் சொல்லாது. 1976ஆம் ஆண்டு ஒப்பந்தப்படி வகுக்கப்பட்ட கடல் எல்லையை அறிந்து திரும்பவேண்டிய படகில், நடுக்கடலில் கருவி அணைந்துபோனால் நேரக்கூடியது பண நஷ்டத்தோடு நிற்காது.

இனிச் சட்டம் கூறுவதைப் பார்ப்போம். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 39ஆம் பிரிவு, குறையுள்ள பொருளுக்கு ஈடாகக் குறையற்ற 'புதிய' பொருளைத் தருமாறோ, கிரயத்தைத் திருப்பித் தருமாறோ உத்தரவிட ஆணையத்துக்கு அதிகாரம் அளிக்கிறது. செப்பனிட்டதையும் பழையதையும் புதியது என்று பொய்யாகக் காட்டுவது முறையற்ற வணிகம் என்றும் அதே சட்டம் சொல்கிறது. ஆனால் உத்தரவாதச் சீட்டின் பொடி எழுத்திலோ, புதியதற்கு நிகரான செப்பனிட்ட பொருளைத் தரலாம் என்று கம்பெனிகள் முன்கூட்டியே எழுதிவிடுகின்றன. வாங்கும்போது அதைப் படிப்பவர் நம்மில் எத்தனை பேர்?

இந்த 'நிகரான' என்ற சொல்தான் வெளிநாடுகளிலும் வழக்காயிற்று. டென்மார்க்கில், 2011இல் வாங்கிய ஐபோனுக்கு ஈடாகச் செப்பனிட்ட போனைத் தந்தது செல்லாது என்று நீதிமன்றம் 2016இல் வாங்கியவர் பக்கம் தீர்ப்பளித்தது. அமெரிக்காவில், செப்பனிட்டவை புதியவற்றுக்கு நிகரல்ல என்று ஆப்பிள் கம்பெனியின் மீது 2016இல் தொடரப்பட்ட வழக்கு, 9.5 கோடி டாலர் தருவதென்ற சமரசத்தில் முடிந்தது. கம்பெனி தவற்றை ஒப்புக்கொள்ளவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

நமது அபிப்பிராயம் இது. வாங்கிய இரண்டு மூன்று மாதங்களுக்குள் தானாகப் பழுதான பொருளுக்குச் செப்பனிட்டதை ஏற்கலாகாது. புதியதற்குரிய விலையைக் கொடுத்தவர், புதியதன் பயனை இன்னும் அடையவே இல்லை. ஆகவே கீழவைப்பார் அன்பர், வந்த கருவியைப் பயன்படுத்தத் தொடங்காமல், புதியதோ பணமோ வேண்டுமென்று எழுத்து மூலம் கேட்பதே தக்கது. உத்தரவாதத்தின் பிற்பகுதியில் நேர்ந்த பழுதாயின் ஏற்கலாம். ஆனால் மாற்றப்பட்ட உறுப்புகள் எவை, பாட்டரி புதியதா, நீர்க்காப்புச் சோதிக்கப்பட்டதா என்பவற்றை எழுதி வாங்கவேண்டும். மாற்றுப் பொருளுக்கு, எஞ்சிய உத்தரவாத காலம் அல்லது தொண்ணூறு நாள், இவற்றில் எது அதிகமோ அதைச் சில கம்பெனிகள் அளிக்கின்றன. அதற்குக் குறைவாக ஒப்புக்கொள்ள வேண்டாம். தராசு விஷயத்தில் மற்றொன்றும் உண்டு: மாற்றாக வந்த தராசில் முத்திரை ஆய்வாளரின் முத்திரை விழாமல் பருத்தியோ மிளகாய் வற்றலோ நிறுத்தல் கூடாது.

கம்பெனியார் செவிசாய்க்காவிடில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முறையிடலாம். அதிலும் பயனில்லையேல் தூத்துக்குடி மாவட்ட ஆணையம் இருக்கிறது. விற்றவர் எந்த ஊரில் இருந்தாலும், வாங்கியவர் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்கிடலாம். பொருளின் கிரயம் ஐந்து லட்சம் ரூபாய்க்கு மேற்படாவிடில் கட்டணமில்லை, வக்கீலும் கட்டாயமில்லை, இரண்டாண்டுக்குள் மனுச் செய்தல் வேண்டும். 'நீங்கள் தொழிலுக்கு வாங்கினீர்கள், ஆகவே நுகர்வோர் அல்லர்' என்று சிலர் மிரட்டுவதுண்டு. தம் ஜீவனத்துக்காகச் சுயமாகத் தொழில் செய்து, அதற்கே பயன்படுத்தும் பொருளை வாங்கியவரும் நுகர்வோரே என்று சட்டம் விளக்கமாகவே கூறியிருக்கிறது. படகுக்காரரும் தறிக்காரரும் இதை நினைவில் வைக்கவேண்டும்.

ஆனால் இவையெல்லாம் பழுதான பிறகு செய்யும் காரியங்கள். ஒருவர் ஒரு ஸ்டார்ட்டர் வாங்கும்போது கம்பெனியின் பொடி எழுத்தை மாற்ற முடியாது. இருபது பேருக்குச் சேர்த்துச் சங்கம் கொள்முதல் ஆர்டர் கொடுக்கும்போது முடியும். 1904இல் திருவல்லிக்கேணியில் கூட்டுறவுப் பண்டகசாலை தோன்றிய நாள் தொட்டு, தனியாகக் கேட்டால் கிட்டாததைச் சேர்ந்து கேட்டுப் பெறுவதே நமது வழக்கம். முதல் தொண்ணூறு நாளில் பழுதானால் புதியதே தரவேண்டும், அதன் பின் தருவது செப்பனிட்டதாயின் ஆறு மாத உத்தரவாதம் வேண்டும், பழுது பார்க்கும் நாட்களில் மாற்றுக் கருவி ஒன்றை இரவலாக அளிக்கவேண்டும் என்னும் மூன்று ஷரத்துகளை ஆர்டரிலேயே எழுதும்படி நிர்வாகக் குழுக்களைக் கேட்டுக்கொள்கிறோம். இதற்கு இணங்காத வியாபாரியின் விலை சற்று மலிவாக இருப்பினும், அவரிடம் வாங்கவேண்டிய அவசியம் சங்கத்துக்கு இல்லை.